விண்டோஸோடு ஒரே வீட்டில்: லினக்ஸ் மின்ட் 22 நிறுவி எப்படி?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்த பிறகு, ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் சிபாரிசு செய்யப்படுவது பெரும்பாலும் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்தான். அதன் டெஸ்க்டாப் அழகைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கே பார்க்கப்போவது ஒன்றே ஒன்று: விண்டோஸ் ஏற்கெனவே குடியிருக்கும் டிஸ்கில் மின்ட்டின் நிறுவி எவ்வளவு பதவிசாக நடந்துகொள்கிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டிஸ்க்கைப் பிரிக்கும் திரை நேர்மையானது, தெளிவானது. பூட்லோடரை (கணினி எழும்போது இயங்குதளத்தை ஏற்றும் சிறு நிரல்) எங்கே வைப்பது என்ற விஷயத்தில் நிறுவி நம்மை ஏமாற்றுகிறது. என்கிரிப்ஷனில், அதாவது தரவைப் பூட்டி வைப்பதில், பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. மற்றபடி டூயல் பூட்டில் (ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்) வரும் வில்லங்கங்களில் பெரும்பகுதி நிறுவிக்கு வெளியே, விண்டோஸிலும் ஃபர்ம்வேரிலும் (கணினியை முதலில் எழுப்பும் உள் மென்பொருள்) இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பென் டிரைவைச் செருகுபவர்கள்தான் பிறகு நிறுவியைத் திட்டுகிறார்கள்.

மின்ட் 22 வெளிவந்தது 2024 ஜூலையில். அடித்தளம் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பு, 2029 வரை ஆதரவு உண்டு. உபுண்டு தன் 24.04-ல் புதிதாக எழுதிய நிறுவிக்கு மாறிவிட்டது. மின்ட் மட்டும் பழைய யுபிக்விட்டி நிறுவியை விடாமல் வைத்திருக்கிறது. பல வருடம் அடிபட்டுத் தேறிய மென்பொருள் என்பது ஆறுதல். தீராத பழைய பிழைகளும் கூடவே வரும் என்பது அதற்கான விலை. புத்தம் புதிய மடிக்கணினி என்றால் 22.2 அல்லது அதற்குப் பிந்தைய வெளியீட்டை எடுங்கள். 22-ல் இருப்பது 6.8 கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), 22.2-ல் 6.14. வைஃபை சிப் அடையாளம் தெரியாமல் போவதற்கு இந்த வித்தியாசமே பல நேரம் காரணம்.

பென் டிரைவுக்கு முன் விண்டோஸில் செய்ய வேண்டியவை

முதல் வேலை பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. ‘நான் அதைப் போடவே இல்லையே’ என்று சொல்லாதீர்கள். விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்திருந்தால், ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம்; 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் அதிகமான கணினிகளில் அப்படி நடக்கிறது. பிட்லாக்கர் தன் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் பூட்டி வைக்கிறது. கணினி எந்த வழியாக பூட் ஆனது, செக்யூர் பூட் (கையொப்பமிட்ட பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் ஃபர்ம்வேர் காவல்) எந்த நிலையில் இருந்தது என்ற கணக்கு ஒத்துப்போனால்தான் அந்தச் சிப் சாவியைக் கொடுக்கும். நாமோ நடுவில் இன்னொரு பூட்லோடரை நுழைக்கிறோம், செக்யூர் பூட்டை மாற்றிப்பார்க்கிறோம். கணக்கு மாறியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு நின்றுவிடும். அந்தச் சாவியை முன்கூட்டியே மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து, வேறொரு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும் வரை பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் போதும். முழுதாக நீக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஒன்று: பூட்டிய பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பிரிவு) மின்ட்டின் நிறுவியால் சுருக்க முடியாது. ஆகவே இடம் ஒதுக்கும் வேலையை விண்டோஸிலேயே முடிக்க வேண்டும். பிட்லாக்கர் இல்லாதவர்களும் அப்படியே செய்வதுதான் நல்லது. விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸைச் சுருக்க விண்டோஸைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

டிஸ்க் மேனேஜ்மெண்டில் சி டிரைவ் மேல் வலது கிளிக், ‘ஷ்ரிங்க் வால்யூம்’. அளவை எம்பியில் கேட்கும்: 60 ஜிபிக்கு 61440, 100 ஜிபிக்கு 102400. மின்ட்டின் குறைந்தபட்சத் தேவை 20 ஜிபி என்று சொல்லப்பட்டாலும், அந்த அளவில் நிறுவுவது சட்டையை ஒரு சைஸ் குறைத்துத் தைப்பது போல. 60-க்குக் கீழே போக வேண்டாம். மின்ட்டே சிபாரிசு செய்வது 100.

இங்கேதான் முதல் முட்டுக்கட்டை வரும். டிஸ்கில் 300 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் விண்டோஸ் 9 ஜிபிதான் சுருக்க முடியும் என்று அடம்பிடிக்கும். காரணம், நகர்த்த முடியாத கோப்புகள்: பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, ரெஸ்டோர் பாயின்ட்டுகளின் நிழல் நகல்கள், என்டிஎஃப்எஸ்ஸின் சொந்த அட்டவணை. அவற்றில் ஏதோ ஒன்று டிஸ்க்கின் நடுவிலோ கடைசியிலோ உட்கார்ந்துவிட்டால் அதைத் தாண்டிச் சுருக்க விண்டோஸுக்கு வழியில்லை. ஹைபர்னேட், பேஜ் ஃபைல், சிஸ்டம் புரொடெக்‌ஷன் மூன்றையும் அணைத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சுருக்கிப் பாருங்கள். பெரும்பாலும் வழி திறந்துவிடும். முடிந்ததும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஹைபர்னேட்டை அணைத்தபடியே விடுங்கள். சுருக்கிய இடத்தை ‘அன்அலோகேட்டட்’ என்றே விட்டுவிடுங்கள். அதில் புது டிரைவ் எழுத்து கொடுத்து ஃபார்மேட் செய்வது வீண் வேலை. அதற்குப் பின்னால் ஒரு சிறிய மீட்புப் பார்ட்டிஷன் தெரிந்தால் அதை நகர்த்தவும் முயலாதீர்கள். நடுவில் இருக்கும் காலியிடம் மின்ட்டுக்குப் போதும்.

ஹைபர்னேட்டை ஏன் அணைத்தபடி விட வேண்டும்? ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதிதான் காரணம். அது இருக்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் கர்னல் நிலையை டிஸ்கில் எழுதிவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் சி டிரைவை மின்ட் திறந்தால் படிக்க மட்டுமே அனுமதிக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். அதை மீறி எழுதினால் விண்டோஸ் விழித்ததும் தன் நினைவில் இருக்கும் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு கோப்புகளைக் குதறிவிடும். நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்’ (powercfg /h off) என்று கொடுத்தால் ஹைபர்னேட், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இரண்டும் ஒரே அடியில் போய்விடும். கண்ட்ரோல் பேனலில் டிக்கை எடுப்பதைவிட இதுவே உறுதியான வழி.

இன்டெல் கணினிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஃபர்ம்வேரில் சேமிப்பக முறை ‘ஆர்எஸ்டி’ அல்லது ‘ரெய்டு’ என்று இருந்தால் நிறுவியின் கண்ணுக்கு டிஸ்க்கே தெரியாமல் போகலாம். அதை ‘ஏஎச்சிஐ’ ஆக மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் விழும், ஏனென்றால் தொடக்கத்தில் ஏற்ற வேண்டிய டிரைவரை அது தயாராக வைத்திருக்காது. முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) கருவியில் சேஃப் மோடைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் எழுவதற்குள் ஃபர்ம்வேருக்குள் நுழைந்து முறையை மாற்றுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் ஒருமுறை எழுந்து தேவையான டிரைவரை ஏற்றிக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை எடுத்துவிடலாம். வரிசை முக்கியம்.

பென் டிரைவும் லைவ் சோதனையும்

மின்ட்டின் நிறுவல் படிமமான ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. 8 ஜிபி பென் டிரைவ் வசதியாக இருக்கும். எழுதுவதற்கு ரூஃபஸ், எட்சர், வென்டாய் எது வேண்டுமானாலும் சரி. எழுதும் முன், பதிவிறக்கம் குறையில்லாததா என்று காட்டும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். நிறுவல் 70 சதவீதத்தில் நின்றுபோவதற்குக் குறைப் பதிவிறக்கமும் தேய்ந்த பென் டிரைவும்தான் வழக்கமான காரணங்கள்.

பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரிந்தால் ‘யூஇஎஃப்ஐ’ என்று தொடங்கும் வரியையே எடுங்கள். மற்றது பழைய பயாஸ் முறை. அதில் நிறுவினால் விண்டோஸ் ஒரு முறையிலும் மின்ட் இன்னொரு முறையிலும் பூட் ஆகும். இரண்டும் ஒரே மெனுவில் சேராது. பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் திரையில் ‘சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் இஎஃப்ஐ’ (/sys/firmware/efi) என்று ஒரு கோப்புறை இருந்தால் சரியான முறையில் வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். திரை கறுப்பாகவே நின்றால் ‘கம்பாட்டிபிலிட்டி மோட்’ வரியைத் தேர்ந்தெடுங்கள். என்விடியா கார்டுகளில் இது சகஜம்.

நிறுவாமலேயே முழு டெஸ்க்டாப்பையும் ஓட்டிப் பார்க்க விடுவது மின்ட்டின் பெரிய நாகரிகம். வைஃபை, ஒலி, டச்பேட், மூடியை மூடினால் தூங்கி மறுபடி விழிக்கிறதா என்பது வரை எல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். இதில் தேறாத கணினியில் மேற்கொண்டு போவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

நிறுவியின் மையத் திரை

மொழி, விசைப்பலகை, மல்டிமீடியா கோடெக் ஆகிய திரைகள் ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடும். பிறகு வருகிறது முக்கியமான இடம். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு, டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு, ‘சம்திங் எல்ஸ்’ என்று மூன்று வழிகள். டிஸ்க்கை அழிக்கும் வழி நமக்கு வேண்டாத வழி. அதை மற்றவற்றோடு அதே அளவு எழுத்தில், அதே வரிசையில் வைத்திருப்பது வடிவமைப்பில் ஒரு குறை. ஒரு தவறான கிளிக்கும் அவசரமான ‘ஓகே’யும் சேர்ந்தால் விண்டோஸ் போயே போய்விடும்.

பக்கத்தில் நிறுவும் வழி சோம்பேறிகளுக்கு நல்லது. ஆனால் எந்தப் பார்ட்டிஷனை எடுக்கப்போகிறது என்பதைச் சுருக்கமாகத்தான் காட்டும். இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவழித்து ‘சம்திங் எல்ஸ்’ஸுக்குள் போவதே எங்கள் சிபாரிசு. யுபிக்விட்டியின் நல்ல முகம் இந்தத் திரைதான். ஒவ்வொரு பார்ட்டிஷனும் நிறப்பட்டையாக, அளவோடும் வகையோடும் வரிசையாகத் தெரியும். விண்டோஸில் ஒதுக்கிய காலியிடத்தின் மேல் நின்று கூட்டல் குறியை அழுத்துங்கள். அளவை அப்படியே விட்டு, வகை எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறை), மவுண்ட் பாயின்ட் ஒற்றைச் சாய்கோடு (/). அவ்வளவுதான். ஸ்வாப்புக்கு (ரேம் நிரம்பும்போது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை. நிறுவியே ஒரு ஸ்வாப் கோப்பை உருவாக்கிக்கொள்ளும். 100 ஜிபிக்குக் குறைவான இடத்தில் ‘ஹோம்’ கோப்புறைக்கென்று தனிப் பார்ட்டிஷன் போட்டால், ஒரு பக்கம் நிரம்பி வழியும், இன்னொரு பக்கம் காலியாகக் கிடக்கும். பல பழைய கையேடுகள் இதை இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஏற்கெனவே ‘இஎஃப்ஐ’ என்று குறிக்கப்பட்ட சிறிய பார்ட்டிஷன் ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள், ஃபார்மேட் கட்டத்தில் டிக் இருக்கவே கூடாது. விண்டோஸின் பூட் கோப்புகள் அங்கேதான் வாழ்கின்றன. அது 100 எம்பிதானே என்று பயப்பட வேண்டாம். மின்ட் அதில் வைப்பது ஷிம், கிரப் ஆகிய பூட்லோடர்களின் சில எம்பி கோப்புகளை மட்டுமே. கர்னல்கள் எக்ஸ்ட்4 பக்கத்தில் இருக்கும். பாப் ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸ் கர்னல்களையும் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே வைப்பதால் அதற்கு 100 எம்பி போதாது. ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கணினியில் மின்ட்டுக்குச் சாதகமான, அதிகம் பேசப்படாத அம்சம் இது.

பூட்லோடர்: இங்கேதான் மதிப்பெண் குறைகிறது

அதே திரையின் அடியில் ‘பூட்லோடரை எந்தச் சாதனத்தில் நிறுவ வேண்டும்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. யூஇஎஃப்ஐ முறையில் அது வெறும் அலங்காரம். நீங்கள் இரண்டாவது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் டிஸ்கில் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே கிரப்பைக் கொண்டுபோய் வைத்துவிடும். பல வருடமாகத் தெரிந்த பிழை, இன்னமும் உயிரோடு இருக்கிறது. ஒரே டிஸ்க் உள்ளவர்களுக்கு இதனால் எந்த நஷ்டமும் இல்லை. இரண்டு டிஸ்க் வைத்து, ‘இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும்’ என்று நினைப்பவர்களுக்குத்தான் இடி. பிறகொரு நாள் விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றினால் மின்ட்டும் எழாது.

தப்பிக்க இரண்டு வழிகள். நிறுவும்போது விண்டோஸ் டிஸ்க்கின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள், அல்லது ஃபர்ம்வேரில் அந்த இணைப்பை அணைத்து வையுங்கள். அது முடியாவிட்டால் லைவ் திரையில் ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியைத் திறந்து, விண்டோஸின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலிருந்து ‘பூட்’, ‘இஎஸ்பி’ கொடிகளைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள்; இரண்டாவது டிஸ்கில் 300 எம்பி அளவில் புதிய இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி நிறுவுங்கள்; முடிந்ததும் கொடிகளை மறக்காமல் திரும்ப வையுங்கள்.

இன்னொரு வினோதம்: ஃபர்ம்வேரின் பூட் பட்டியலில் ‘மின்ட்’ என்று தேடாதீர்கள். அங்கே தெரியும் பெயர் ‘உபுண்டு’. கையொப்பமிடப்பட்ட உபுண்டு கிரப்பையே மின்ட் பயன்படுத்துகிறது, அதுவும் ‘உபுண்டு’ என்ற கோப்புறையில்தான் தன் அமைப்பைத் தேடும். இதன் பக்கவிளைவு: ஒரே இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டுவையும் மின்ட்டையும் சேர்த்து வைத்தால் பின்னால் வந்தது முன்னால் வந்ததன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

விண்டோஸைத்தான் முதலில் நிறுவ வேண்டும் என்ற பழைய விதி யூஇஎஃப்ஐ காலத்தில் பாதி வலுவிழந்துவிட்டது. முன்பு விண்டோஸ் வந்ததும் டிஸ்க்கின் முதல் செக்டாரை மேலெழுதிவிடும். இப்போது கிரப்பின் கோப்புகளை அது தொடுவதில்லை. தன்னை வரிசையில் முதலில் நிறுத்திக்கொள்கிறது, அவ்வளவே. பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு கிரப் மெனு காணாமல் போனால், ஃபர்ம்வேரில் ‘உபுண்டு’ வரியை மேலே தூக்கிவிட்டாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நிறுவிய பிறகு

கிரப் 2.06-லிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ்-புரோபர்’ வசதி இயல்பாக அணைக்கப்பட்டுவிட்டது. மின்ட் அதை வேண்டுமென்றே திரும்பப் போட்டிருக்கிறது. ஆகவே விண்டோஸ் வரி மெனுவில் தானாக வந்துவிடும். வராவிட்டால் டெர்மினலில் ‘சுடோ அப்டேட்-கிரப்’ (sudo update-grub). கடைசியாக எந்த இயங்குதளத்தைப் பயன்படுத்தினோமோ அதுவே அடுத்த முறையும் வர வேண்டுமானால், இடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பைத் (/etc/default/grub) திறந்து, ‘கிரப்_டிஃபால்ட்’ மதிப்பை ‘சேவ்டு’ (GRUB_DEFAULT=saved) என்று மாற்றி, ‘கிரப்_சேவ்டிஃபால்ட்’ என்பதை ‘ட்ரூ’ (GRUB_SAVEDEFAULT=true) என்று சேர்த்துவிட்டு அதே கட்டளையைக் கொடுங்கள். பெயர்கள் பெரிய ஆங்கில எழுத்துகளில், மதிப்புகள் சிறிய எழுத்துகளில். புதுப்பிப்பின்போது விண்டோஸ் நான்கைந்து முறை தானாக ரீஸ்டார்ட் ஆகும் நாளில் இதன் அருமை தெரியும்.

கடிகாரம்: விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். மாறி மாறிப் போகும்போது நேர மண்டலத்தின் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு தவறாகக் காட்டும். மின்ட்டில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ (timedatectl set-local-rtc 1) கொடுக்கலாம். அல்லது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் நேர மண்டலப் பகுதியில் ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ (RealTimeIsUniversal) என்ற டிவேர்டு மதிப்பை 1 ஆக்கலாம். கோடைக்கால நேரமாற்றம் உள்ள இடங்களில் இரண்டாவதே மேல். இரண்டையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள். தவறு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

செக்யூர் பூட்டோடு மின்ட் ஒத்துப்போகிறது. ஆனால் என்விடியா போன்ற வெளி டிரைவர்கள் உண்டென்றால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் ‘என்ரோல் எம்ஓகே’ தேர்ந்தெடுத்து அதைக் கொடுக்க வேண்டும். பலர் அதை ஏதோ பிழை என்று நினைத்து ‘கன்டினியூ’ அழுத்திவிடுகிறார்கள். பிறகு டிரைவர் ஏறாது, திரை மந்தமாக ஓடும், பழி மின்ட் மேல் விழும்.

2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, பழைய கிரப் பதிப்புகளைத் தடைசெய்யும் ‘எஸ்பிஏடி’ பட்டியலைக் கணினியில் எழுதியது. டூயல் பூட் கணினிகளை அது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும், சில கணினிகளில் டூயல் பூட் இருப்பதை அது கண்டுபிடிக்கத் தவறியது. லினக்ஸ் எழாமல் ‘எஸ்பிஏடி’ சோதனை தோற்றதாகச் செய்தி காட்டி அணைந்தது. இது மறுபடி நடந்தாலும் பதற வேண்டாம். செக்யூர் பூட்டை அணைத்து மின்ட்டுக்குள் போய், எல்லாப் புதுப்பிப்புகளையும் ஏற்றி, ‘சுடோ மோக்யூடில் --செட்-எஸ்பிஏடி-பாலிசி டெலீட்’ (sudo mokutil --set-sbat-policy delete) கொடுத்து, ஒருமுறை மின்ட்டையே மறுபடி எழுப்பிவிட்டுச் செக்யூர் பூட்டைத் திரும்பப் போடுங்கள். இந்த இடத்தில்தான் அந்த 48 இலக்கச் சாவி மறுபடி கைகொடுக்கும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் ஒவ்வொரு முறையும் மறுபடி இணைக்கச் சொல்வது பலருக்குப் புதிராக இருக்கும். கணினியின் ப்ளூடூத் முகவரி இரண்டு இயங்குதளத்திலும் ஒன்றுதான். ஆனால் இணைப்புச் சாவியை ஒவ்வொன்றும் தனித்தனியாக உருவாக்குகிறது. ஹெட்ஃபோன் கடைசிச் சாவியை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியிலிருந்து சாவியை எடுத்து மின்ட்டில் பதிவது சாத்தியம், ஆனால் அலுப்பான வேலை. வயர்லெஸ் மவுஸுக்குத் தனி யூஎஸ்பி ரிசீவர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

என்கிரிப்ஷன்: முழு டிஸ்க்கையும் பூட்டும் எளிய வழி ‘டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு’ என்பதோடு மட்டுமே வருகிறது. விண்டோஸோடு சேர்த்து வைப்பவர்களுக்கு ஹோம் கோப்புறையை மட்டும் பூட்டும் டிக்தான் மிச்சம். ‘சம்திங் எல்ஸ்’ஸில் கையால் பூட்டிய பார்ட்டிஷன் அமைக்க முடியும், அதற்குப் பூட்டாத தனி ‘பூட்’ பார்ட்டிஷனும் வேண்டும், பொறுமையும் வேண்டும். அலுவலக ரகசியங்களோடு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திரிபவர்களுக்கு இது போதாது. அவர்கள் இரண்டாவது டிஸ்க் ஒன்றை மின்ட்டுக்கே கொடுத்து, விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, அழித்து நிறுவும் வழியில் போகட்டும்.

மின்ட் பிடிக்கவில்லை என்றால் வெளியேறும் வரிசையும் முக்கியம். முதலில் ஃபர்ம்வேரில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே வைத்து, விண்டோஸ் தனியாக எழுகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகுதான் டிஸ்க் மேனேஜ்மெண்டில் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை அழிப்பது. இந்த வரிசை மாறினால் ஆரம்பத்தில் கிரப்பின் கறுப்புத் திரையில், வெறும் ‘கிரப்>’ என்ற குறியோடு நிற்பீர்கள். அங்கே மாட்டிக்கொண்டாலும் ஃபர்ம்வேரின் பூட் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே போய்விடலாம். கடைசியாக, விண்டோஸின் டிஸ்க்பார்ட் (diskpart) கருவியில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்து கொடுத்து, அதில் ‘உபுண்டு’ கோப்புறையை மட்டும் நீக்குங்கள். பக்கத்தில் இருக்கும் ‘மைக்ரோசாஃப்ட்’, ‘பூட்’ கோப்புறைகளில் கை வைக்காதீர்கள்.